வேலியோரத்துக்கு எது: சீந்திலா, பிரண்டையா?

2020-இல் கபசுரக் குடிநீரை வாசல் வாசலாகக் கொடுத்தபிறகு பாளையங்கோட்டைப் பக்கம் சீந்திலுக்குத் தனி மவுசு. அந்தப் பதினைந்து சரக்கில் சீந்தில் தண்டும் ஒன்று. சரி, நடட்டும். ஆனால் அதற்கு இடம் வேண்டுமென்று வேலியில் கிடந்த பிரண்டையைப் பிடுங்கி எறிவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்ப்பதில் இரண்டுமே சுலபம். தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். சீந்திலை அறுத்துவிட்டாலும் மேலே தொங்கும் கொடி நூல் மாதிரி விழுதுவிட்டு மண்ணைத் தேடிப் பிடிக்கும். வேம்பில் படர்ந்த சீந்தில்தான் உசத்தி என்பது வைத்தியர்கள் வழக்கு. ஆக, மரம் இருக்கிற வீட்டுக்குத்தான் அது சரிப்படும். பிரண்டைக்கு ஓர் உடைந்த தொட்டியும் வெயிலும் போதும்.

அடுப்படியில் போட்டியே கிடையாது. பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது, அரிப்புக்கு அதுதான் காரணம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளங்கணுவாகப் பார்த்து நாரை உரித்து, சுருங்கும்வரை வதக்க வேண்டும். புளியில் கஞ்சத்தனம் கூடாது. உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல்தான் ஜோடி என்பார்கள். பிரண்டைத் துவையலும் சோடை போகாது. அப்பள மாவிலும் இதன் சாறு சேரும். திவசச் சமையலில் பிரண்டை ஒன்றே முந்நூறு காய்கறிக்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சீந்தில் கடுங்கசப்பு. கஷாயம், சூரணம் என்று மருந்தாகத்தான் உள்ளே போகும். தண்டை நசுக்கி ஊறவைத்து, அடியில் படியும் மாவைத் திரும்பத் திரும்பத் தெளிய வைத்துக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை. கட்டுக்கட்டாகக் கொடி போட்டாலும் கிடைப்பது கொஞ்சம்தான். ஆயுர்வேதத்தின் அமிர்தோத்தரம் கஷாயத்தில் சீந்தில் ஆறு பங்கு, கடுக்காய் நாலு, சுக்கு இரண்டு. காய்ச்சலுக்கு வழிவழியாக வந்த மருந்து அது. அந்த விஷயத்தில் பிரண்டை பக்கத்தில்கூட நிற்க முடியாது.

எலும்பு முறிவுக்குப் பிரண்டை பழைய பெயர் எடுத்தது. அதற்காக, கால் ஒடிந்தவனுக்கு மாவுக்கட்டு போடாமல் துவையல் ஊட்டக் கூடாது.

நான் யோசிப்பது வேறொன்றை. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று எழுதினார்கள். அது அதே சாதியில் வேறு கொடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். அந்த வேற்றுக் கொடியின் தண்டு முழுக்கப் பரு எழும்பியிருக்கும். நல்ல சீந்திலில் அப்படி இருக்காது, மேல்தோல் காகிதம் போல உரியும். ஆனால் எத்தனை பேர் பார்த்து நடுகிறார்கள்? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம்: சீந்திலும் சர்க்கரையைக் குறைக்கும். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொடியையும் மாத்திரைச் சீட்டையும் அங்கே காட்டிவிட்டுக் குடிக்கலாம்.

ஒரே கொடிக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு பிரண்டைக்கு. கொல்லையில் வேம்பு நின்றால் சீந்திலை அதில் ஏற்றிவிடுங்கள். முடக்கத்தானை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மழைக்குத் தானாக முளைக்கும், தோசை மாவோடு அரைத்துக்கொள்ள வேண்டியதுதான்.