வீட்டில் பாட்டுப் பதிவு: சில வருடம் புழங்கிய பிறகு எது நிலைத்தது

கருவி வாங்கிய முதல் வாரத்தில் எழுதும் ரிவ்யூவில் ஒலித்தரம்தான் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில வருடம் புழங்கிவிட்டு எழுத உட்கார்ந்தால் அந்தப் பேச்சு சுருங்கிவிடுகிறது. பெயர் தெரிந்த கம்பெனிகளின் ஆரம்பநிலைக் கருவிகள் எல்லாமே இன்று நன்றாகத்தான் ஒலிக்கின்றன. ஒரு மெட்டு மனசில் வந்ததும் எத்தனை நிமிடத்தில் ரெக்கார்ட் பட்டனை அமுக்க முடிகிறது? இப்போது ஒவ்வொரு பொருளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். கேபிள் தேடி, டிரைவரோடு (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்) மல்லுக்கட்டி, லாகின் கேட்கும் மென்பொருளைச் சமாளிப்பதற்குள் மெட்டு போய்விடும். நான் பாடுவேன், அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பேன், கீபோர்டு கொஞ்சம். எல்லாம் படுக்கையறையில்தான். டிரம்ஸ் பதிவு செய்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி. என்னிடம் இருப்பது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. மேசையில் எப்போதும் செருகியே இருக்கிறது. தனி மின்இணைப்பு வேண்டாம், யூஎஸ்பியே போதும். கெயின் (மைக்கின் ஒலியை எவ்வளவு உயர்த்துவது என்ற அளவு) குமிழைச் சுற்றி ஒரு வளையம் எரியும்: பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் ஒலி வெட்டுப்படுகிறது. கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் திரையைப் பார்க்காமலே அளவு வைக்க இதைவிட வசதி எனக்குத் தெரியவில்லை. இதே வரிசையில் சோலோ என்று ஒன்று உண்டு. அதில் மைக் ஒன்று, கிட்டார் கேபிள் ஒன்று செருகலாம். கிட்டாரில் பிக்கப் (அதன் ஒலியை நேராகக் கேபிளுக்கு அனுப்பும் பாகம்) இருந்தால் சோலோவே போதும். குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக் என்று வைக்க நினைப்பவர்கள் 2ஐ2க்குப் போக வேண்டும். 2023இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2இல் மைக் கெயின் 56 டெசிபலிலிருந்து 69 ஆகக் கூடியிருக்கிறது, தானாகவே அளவு வைத்துக்கொள்ளும் வசதியும் வந்திருக்கிறது. ஷூர் எஸ்எம்7பி மாதிரி 60 டெசிபல் கெயினாவது தேவைப்படும் மைக் மேல் ஆசை இருந்தால் இந்த எண்ணைக் கவனியுங்கள்.

புதிதாக வருபவர்களைத் துரத்தியடிப்பது லேட்டன்சிதான். பாடியது ஹெட்ஃபோனில் ஒரு கணம் பிந்திக் கேட்டால் தாளம் தடுமாறும், சுருதியும் ஆட்டம் காணும். கணினி ஒலியை வாங்கி, கொஞ்சம் சேர்த்துவைத்து, மொத்தமாகக் கையாள்கிறது. அந்தச் சேமிப்பின் பெயர்தான் பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் துணுக்கு) என்ற கணக்கில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி. 1,024 என்றால் 21. உள்ளே போய் வெளியே வருவதால் இது இரட்டிக்கும், மேலே கொஞ்சம் கூடவும் செய்யும். மொத்தம் 10 மில்லிநொடியைத் தாண்டினால் எனக்குப் பாடுவது கஷ்டம். ஆகவே பதியும்போது 128, மிக்ஸ் செய்யும்போது (பதிந்தவற்றைக் கலந்து சமப்படுத்தும்போது) 1,024 என்று மாற்றிக்கொள்கிறேன். கணினி பழசாக இருந்து 128இல் சத்தம் வெடித்து வெடித்து வந்தால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அமுக்குங்கள். உங்கள் குரல் பதிவுக்காகக் கணினிக்குப் போனாலும், காதுக்குக் கணினியைச் சுற்றாமல் நேராக வரும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும், லேட்டன்சியைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடாமல் வேலை தொடங்கவே வேண்டாம். மேக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அப்புறம் மைக். ‘குரலுக்கு கண்டென்சர் மைக்தான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்டுடியோவுக்கு அது சரி. வீட்டு அறையில் அது உங்கள் குரலோடு மின்விசிறி, லேப்டாப்பின் உள்விசிறி, தெருவில் போகும் வண்டி, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் நுணுக்கமாக எழுதிவைக்கும். என்னிடம் இரண்டு வகையும் உண்டு. பாதிக்கு மேல் கையில் எடுப்பது டைனமிக் மைக்கைத்தான்; தூரத்துச் சத்தங்களை அது அவ்வளவாகப் பிடிக்காது. ஷூர் எஸ்எம்57 1965இல் வந்தது, எஸ்எம்58 அடுத்த வருடம். இன்றும் விற்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. 58 குரலுக்கு, 57 கருவிக்கு என்பது வழக்கு. முன்னால் ஒரு பாப் ஃபில்டரை (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் திரை) வைத்துவிட்டால் 57இலும் தாராளமாகப் பாடலாம்.

எந்த மைக் என்பதைவிட எவ்வளவு தூரம் என்பது பெரிய விஷயம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும், அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். காசு செலவில்லாமல் அறை விலகிப்போகிறது! ரொம்ப நெருங்கினால் அடிநாதம் கனத்துவிடும்; மென்பொருளில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஓரளவு சரியாகும். கிட்டாருக்கு வேறு கணக்கு. ஓட்டைக்கு நேரே மைக்கை வைத்தால் பூம் பூம் என்று அடிக்கும். 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்தபடி ஒரு சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கள், அங்கிருந்து காதால் தேடுங்கள்.

அறைக்கு ஒட்டும் மெல்லிய ஃபோம் பற்றி ஒரு வார்த்தை. அது உயர் அதிர்வெண்களை மட்டும்தான் விழுங்கும். கீழ்ப்பகுதி அப்படியே சுற்றிக்கொண்டிருப்பதால் அறை போர்வைக்குள் பேசுவது போல மந்தமாகிவிடும். வெளிச்சத்தத்தையும் அது தடுக்காது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடிப் பாருங்கள்; பாதி வேலை முடிந்தது. பணம் போடுவதாக இருந்தால் நான்கு அங்குலத் தடிமனுள்ள கனிமப் பஞ்சுப் பலகைகளில் போடலாம்.

ஹெட்ஃபோன் மூடிய வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதில் ஓடும் தாளம் மைக்கில் கசியும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் இரண்டும் நிறையப் பேர் நம்பும் மாடல்கள். பின்னதில் கேபிளைக் கழற்றலாம், முன்னதில் முடியாது. கேபிள் எப்போதும் காலில் சிக்கும் இடத்தில் உட்கார்பவனாக எனக்கு இது முக்கியம். காது உறை சில வருடத்தில் உதிரத்தான் செய்யும், மாற்று உறை கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மைக் ஸ்டாண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பாட்டின் நடுவில் மெல்லத் தலை குனியும் ஸ்டாண்டோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கடுப்பு தெரியும்.

மென்பொருளைப் பற்றித்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள், எனக்கோ அதில் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. மேக் வைத்திருந்தால் கேரேஜ்பேண்டைத் திறங்கள், தேடலை நிறுத்துங்கள். இலவசம், வாத்தியங்களும் கூடவே வரும். பின்னால் லாஜிக் ப்ரோவுக்குப் போனாலும் பழைய புராஜெக்ட்கள் அதில் திறக்கும். ஒற்றைக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி நல்லது. மிடி கீபோர்டு (கணினியில் உள்ள வாத்தியங்களை வாசிக்க உதவும் கீபோர்டு) வைத்து இசையமைக்க அது தோதுப்படாது. நான் தங்கியிருப்பது ரீப்பரில். வின்ஆம்ப் என்ற பாட்டு கேட்கும் மென்பொருளைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கலின் கம்பெனியான காக்கோஸ் தயாரிப்பது. எந்த வசதியையும் பூட்டாமல் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பழைய கணினியிலும் பட்டென்று திறக்கும். குறைகளும் உண்டு: முகம் வறண்டது, மெனுக்கள் காடு, இசைக்கருவி ஒலிகள் என்று பெரிதாக எதுவும் கூட வராது. ஸ்பிட்ஃபயர் லேப்ஸ், வைட்டல் மாதிரி இலவசப் பிளக்-இன்களால் (மென்பொருளில் கூடுதலாகச் செருகும் வாத்தியங்கள், வசதிகள்) அந்த இடத்தை நிரப்பிக்கொண்டேன்.

இன்டர்ஃபேஸோடு இனாமாக வரும் லைட் பதிப்புகளில் கற்கலாம், தப்பில்லை. ட்ராக் (ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்குமான தனித் தடம்) எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஏபிள்டன் லைவ் லைட்டில் 16 ட்ராக். பாட்டு, கிட்டார் அளவுக்கு இது போதும். கோரஸை அடுக்கத் தொடங்கினால் முட்டும்.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு டெம்ப்ளேட் (எல்லாம் அமைத்துவைத்த வெற்றுப் புராஜெக்ட்) செய்துவையுங்கள். என்னுடையதில் குரல் ட்ராக் ஒன்று, கிட்டார் ஒன்று, கீபோர்டு ஒன்று, மெட்ரோனோம். இன்புட் எல்லாம் தேர்ந்தெடுத்தபடி இருக்கும். திறந்தால் நேராகப் பாட வேண்டியதுதான். 24 பிட் என்ற நுணுக்கமான அளவில் பதிவதால் அளவை மேலே தள்ள அவசியமும் இல்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும் (பூஜ்யத்தைத் தாண்டினால்தான் வெட்டுப்படும்), உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினாலும் வெட்டுப்படாது.

நாள்பட்ட பிறகுதான் தெரியவரும் ஒன்று: பழைய புராஜெக்ட் திறக்காமல் போவது. இணையத்தில் உரிமம் சரிபார்க்கும் ஒரு பிளக்-இன், அதைச் செய்த கம்பெனி கையை விரித்ததும், என் ஒரு பாட்டின் பியானோவை ஊமையாக்கிவிட்டது. அதிலிருந்து பாட்டு முடிந்த கையோடு ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வேறொரு டிரைவில் வைக்கிறேன். இந்தக் கோப்புகளை எந்த மென்பொருளும் படிக்கும்.

ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர்களை இன்னும் வாங்கவில்லை. அறையைச் சரிசெய்யாமல் வாங்கினால் ஸ்பீக்கரின் ஒலியைவிட அறையின் எதிரொலிதான் அதிகம் காதில் விழும். ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்து, ஃபோன் ஸ்பீக்கரிலும் காரிலும் ஓட்டிப் பார்க்கிறேன். ஃபோனில் பேஸ் காணாமல் போனால் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்ப்பேன், காரில் அது வீங்கினால் குறைப்பேன். அடுத்த செலவு பஞ்சுப் பலகைகளுக்குத்தான்.