மருதாணி: அரைத்த இலையா, கடைக் கோனா?

ஆடிப்பெருக்கு நெருங்கினால் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது.

செலவு: கொல்லையில் செடி இருந்தால் இலைக்குக் காசே இல்லை. கோனும் பெரிய செலவில்லை.

வேலை: கோனுக்கு நுனியை ஊசிமுனை அளவு வெட்டினால் போதும். இலைக்குத்தான் பாடு. ஒரு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அம்மியில் மையாக அரைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் விழுது வழிந்து மணிக்கட்டு வரை சிவக்கும்; நறநறவென்று நின்றால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இரவு முழுக்க வைத்து, காலையில் உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அரை நாள் சோப்பு படக்கூடாது.

நிறம்: இலை முதலில் ஆரஞ்சாகத்தான் தெரியும். தோலில் ஏறிய லாசோன் நிறமி காற்றுப்பட்டு, இரண்டு நாளில் அடர்சிவப்பாகும். நகத்தில் வளர்ந்து வெட்டும்வரை போகாது.

பத்தே நிமிடத்தில் கருத்துச் சிவக்கும் கோனை நம்பாதீர்கள். அது இலையின் நிறமல்ல, சாயம். ‘கறுப்பு மருதாணி’யில் கலக்கும் பிபிடி (PPD) என்ற ரசாயனச் சாயம் கொப்புளம் போட்டு, தழும்பே விட்டுவிடும். குழந்தைகள் கையில் வைக்கவே வேண்டாம்.

வடிவம்: இலையில் உள்ளங்கை வட்டமும் விரல் தொப்பியும்தான், அந்த அழகு தனி. மயில், கொடி, பெயரெழுத்து வேண்டுமென்றால் கோன்.

பண்டிகைக்கும் குழந்தைகளுக்கும் இலை. கல்யாணப் பெண்ணுக்குக் கோன். ஆனால் மருதாணிப் பொடியில் புதிதாகக் கலந்தது, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே.