இரண்டு மணி நேரப் பாராட்டுகளை நம்பித் திமிங்கில வேட்டை விளையாட்டை வாங்கிவிடாதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் திமிங்கில வேட்டையைக் களமாகக் கொண்ட ஸ்டிராட்டஜி வீடியோ விளையாட்டு ஒன்றை, விற்பனைப் பக்கத்தில் குவிந்திருந்த பாராட்டு ரிவியூக்களை நம்பிச் சென்ற மாதம் 899 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பணமும் போயிற்று, இரண்டு வார இறுதிகளும் போயின. வரலாற்று விளையாட்டுகளைத் தேடி வாங்கும் வேறொருவருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்கத் திமிங்கில வேட்டையின் மையங்களாக இருந்த நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்ட் துறைமுகங்களின் வரலாற்றில் எனக்குப் பல ஆண்டுகளாக ஈடுபாடு உண்டு. மூன்று நான்கு ஆண்டுகள் கடலிலேயே கழியும் பயணங்களில், எங்கே உணவு ஏற்றுவது, எந்தக் கடலுக்குப் போவது, திமிங்கில எண்ணெய்ப் பீப்பாய்கள் நிறையாத நிலையில் திரும்புவதா காத்திருப்பதா என்று கேப்டன் எடுக்க வேண்டியிருந்த முடிவுகளே ஒரு ஸ்டிராட்டஜி விளையாட்டுக்குப் போதுமானவை. அதிலும் ‘லே’ எனப்பட்ட பங்கு முறை இருக்கிறதே, அது தனிக் கதை. மாதச் சம்பளம் கிடையாது. கிடைத்த எண்ணெயின் மதிப்பில் கேப்டனுக்கு எட்டில் ஒன்று முதல் பதினெட்டில் ஒன்று வரை போக, முதன்முறை கப்பலேறிய இளைஞனுக்கு 175-இல் ஒன்றோ 200-இல் ஒன்றோதான் வரும். கப்பலிலேயே கடனுக்கு வாங்கிய துணிக்கும் புகையிலைக்கும் கழித்தபின், பல ஆண்டுகள் உழைத்தும் வெறுங்கையோடு கரையிறங்கியவர்கள் ஏராளம். இந்தக் கணக்கை விளையாட்டு முழுமையாகக் காட்டுகிறது என்று விற்பனைப் பக்கம் உறுதியளித்தது. ரிவியூ எழுதிய பலரும் அதையே சொன்னார்கள்.

தொடக்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாலுமிகளைத் தேர்ந்தெடுப்பதும், ஒவ்வொருவரோடும் பங்கு பேசுவதும், அட்லான்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் உணவும் ஆட்களும் ஏற்றுவதும், ஆறு பேர் ஏறும் சிறு படகை இறக்கி ஸ்பெர்ம் வகைத் திமிங்கிலம் ஒன்றை முதன்முதலாகத் துரத்துவதும் மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்டிருந்தன. இது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடியது.

தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக்கில் நுழைந்ததும் அனைத்தும் நின்றுவிட்டது. பெருவின் பைத்தா, ஹவாயின் லஹைனா, ஹொனலுலு ஆகிய மூன்று துறைமுகங்களுக்கும் ஒரே படம், ஒரே கடை, ஒரே மூன்று உரையாடல்கள். திமிங்கிலத்தின் கொழுப்பைக் கப்பலின் பக்கவாட்டில் வைத்தே உரித்து, மேல்தளத்துச் செங்கல் அடுப்பில் இரும்புக் கொப்பரைகளை ஏற்றி, உருக்கி எடுத்த சக்கையையே மீண்டும் எரிபொருளாக்கி இரவும் பகலும் காய்ச்சிய அந்தப் பெரும் உழைப்பு, இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் பீப்பாய் எண்ணிக்கை கூடுவதாகச் சுருங்கிவிட்டது. பங்கு முறையின் நிலை இன்னும் மோசம்: தொடக்கத்தில் அத்தனை நுணுக்கமாகப் பேசி முடித்த பங்குகள், பயணத்தின் முடிவில் கணக்கிலேயே வரவில்லை, எல்லா மாலுமிகளுக்கும் ஒரே தொகையே கொடுக்கப்பட்டது.

‘வரலாற்றுக்கு உண்மையானது’ என்ற விளம்பர வரிதான் என்னை மிகவும் புண்படுத்தியது. விளையாட்டு 1835-இல் தொடங்குகிறது. ஆனால் வெடிகுண்டு பொருத்திய ஹார்பூன் (திமிங்கிலத்தைக் குத்திப் பிடிக்கும் கயிறு கட்டிய ஈட்டி) முதல் பயணத்திலேயே கடையில் கிடைக்கிறது. நார்வேயைச் சேர்ந்த ஸ்வென் ஃபோய்ன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1870-இல். திமிங்கிலத்தின் உடலுக்குள் புகுந்ததும் திரும்பிக் குறுக்காக நின்றுகொள்ளும் ஹார்பூனை நியூ பெட்ஃபோர்டில் 1848-இல் வடிவமைத்தவர், அடிமையாகப் பிறந்த லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர்; காப்புரிமை பெறாததால், ஊரே பயன்படுத்திய அந்தக் கருவியால் அவருக்குப் பெரும் பொருள் சேரவில்லை. அவர் பெயர் விளையாட்டில் எங்குமே இல்லை. அவருடைய கருவி மட்டும் தொடக்கத்திலேயே இலவசமாகக் கையில் தரப்படுகிறது. 33 கப்பல்கள் பனியில் சிக்கிக் கைவிடப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓர் உயிரிழப்புமின்றித் தப்பிய 1871 ஆர்க்டிக் நிகழ்வு ‘இறுதி அத்தியாயம்’ என்று விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, வெள்ளை வரைபடமும் ‘விரைவில் வரும்’ என்ற வரியும்தான் இருந்தன. அடுத்த நாள் என் சேமிப்புக் கோப்பும் திறக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் மட்டுமே தருவோம் என்ற விதியைக் கடை காட்டியது. நன்றாகச் செய்யப்பட்ட பகுதி, அந்த இரண்டு மணி நேர எல்லையைத் தாண்டித்தான் முடிகிறது. இது திட்டமிட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் குறை கண்ணில் படும் நேரத்தில் பணம் கேட்கும் உரிமை போய்விட்டிருக்கும் என்பது உண்மை. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதன்பின் அதே ரிவியூக்களை மீண்டும் படித்தேன், இம்முறை ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறிக்கப்பட்டிருக்கும் விளையாடிய நேரத்தையும் சேர்த்து. என்னை வாங்கத் தூண்டிய பாராட்டுகளில் பெரும்பாலானவை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் மட்டுமே ஆடியவர்கள் எழுதியவை. அவர்கள் பொய் சொல்லவில்லை; தாங்கள் கண்ட அந்த நல்ல தொடக்கத்தைத்தான் பாராட்டியிருக்கிறார்கள். சில ரிவியூக்களின் அடியில், விளையாட்டு இலவசமாகப் பெறப்பட்டது என்ற சிறிய குறிப்பும் இருந்தது. வேறு சில, முழுமையடையாத நிலையில் விற்கப்பட்ட காலத்தில், வரப்போவதை நம்பி எழுதப்பட்டவை. 41 மணி நேரம் ஆடிய ஒருவர், பங்குக் கணக்கு வேலை செய்யவில்லை, ஆர்க்டிக் வெறுமையாக இருக்கிறது என்று விரிவாக எழுதியிருந்தார். வாங்குவதற்கு முன்பே அது என் கண்ணில் பட்டது. நீளமாக இருந்ததால் கடந்து போய்விட்டேன்.

இத்தகைய விளையாட்டை வாங்க நினைப்பவர்கள், முதலில் எதிர்மறை ரிவியூக்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றிலும் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்களுடையதைப் படியுங்கள். கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்பதையும் பாருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் பயிற்சிப் பகுதியிலேயே நின்றுவிடாமல், ஏதேனும் ஒரு சிறு பயணத்தையாவது முடித்துக் கரை திரும்பி, மாலுமிகளின் பங்கு சரியாகப் பிரிகிறதா என்று சோதித்துவிடுங்கள். பதினாறு மணி நேரம் ஆடியவன் என்ற குறிப்போடு என் ரிவியூவும் இப்போது அங்கே இருக்கிறது. அதன் முதல் வரியிலேயே ஆர்க்டிக் பகுதி இல்லை என்று எழுதியிருக்கிறேன்.