மாலை நேரப் பாலைவன சஃபாரி: 1,350 திர்ஹம் கட்டி ஏமாந்த கதை, பணம் கட்டும் முன் படியுங்கள்

ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைத் துபாயில் பாலைவன சஃபாரிக்கு அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன சனிக்கிழமை எங்கள் குடும்பத்துக்கு நடந்தது இது. போனது 1,350 திர்ஹம். நம் ரூபாயில் முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் பணத்தைவிட, முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 68 வயது மனிதரை எங்கே உட்காரவைத்துவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

சஃபாரியில் என்னென்ன இருக்கும், எப்படிப்பட்டவர்களிடம் பதிவு செய்யலாம் என்று விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதையும் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். வியாழக்கிழமை இரவு துபாயில் ஒரு பெரிய ஷாப்பிங் மாலுக்குப் போயிருந்தோம். அங்கே நடைவழியில் மேசை போட்டு சஃபாரி, படகு விருந்து, நகரச் சுற்றுலா எல்லாவற்றுக்கும் டிக்கெட் விற்கும் ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று. பெயர் எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு கடந்து போவதைக் கேட்டு அந்த ஏஜென்ட் எழுந்தே வந்துவிட்டார். "வாருங்கள் அம்மா, தஞ்சாவூர்ப் பக்கமா?" என்றார். அம்மாவின் பேச்சை வைத்தே ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வந்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே அம்மாவிடம் யாரும் இரண்டு வார்த்தை தமிழில் பேசியதில்லை. தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு அப்பாவை உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். மன்னார்குடியா, பாபநாசமா என்று விசாரித்தார். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான்தான் அப்பாவின் முதுகைப் பற்றிச் சொன்னேன். தட்டு விலகி ஆபரேஷன் ஆனவர், மணல்மேட்டில் வண்டி ஏறி இறங்கும் சவாரி அவருக்கு ஆகவே ஆகாது என்றேன். அதற்கு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "அக்கா, அப்பாவை மணலில் போட்டுக் குலுக்குவேனா? நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் ஒரு வண்டியில் மணலில் போய்வாருங்கள். அப்பா அம்மாவுக்குத் தனி வண்டி. ரோட்டு வழியாகவே நேராக முகாமுக்குக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கும் ஊரில் அப்பா இருக்கிறார் அக்கா."

அந்தக் கடைசி வரிக்குத்தான் பணத்தை எடுத்தோம். ஆளுக்கு 225 திர்ஹம், ஆறு பேருக்கு 1,350. இரண்டு மேசை தள்ளி 90 திர்ஹம் என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தோம். அந்தக் கூடுதல் பணம் இரண்டாவது வண்டிக்கும் நாற்காலிக்கும் என்று தெளிவாகப் பேசிக் கொடுத்த பணம். அதோடு விஐபி இருக்கை, அம்மாவுக்குத் தனியாகச் சமைத்த சைவச் சாப்பாடு, பாதுகாக்கப்பட்ட பாலைவனப் பகுதிக்குள் போய் அரேபிய ஓரிக்ஸ் மான்களைப் பார்ப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கமாகக் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். ரசீதில் "சஃபாரி, 6 பேர், 1,350" என்று மட்டும் எழுதினார். இரண்டு வண்டி என்பதையும் எழுதுங்கள் என்று கேட்டேன். "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன் அக்கா" என்று அங்கேயே என் கண் முன்னால் ஒரு குரல் பதிவு அனுப்பினார். அதில் எல்லாம் சொல்லியிருந்தார்: இரண்டு வண்டி, நாற்காலி, சைவம், மான்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு வர வேண்டிய வண்டி மூன்றே காலுக்கு வந்தது. ஒரே ஒரு லேண்ட் க்ரூஸர். இன்னொரு வண்டி எங்கே என்று ஏஜென்டுக்கு போன் செய்தேன். "முன்னால் போயிருக்கிறது அக்கா, மணல் தொடங்கும் இடத்தில் நிற்கும், அங்கே மாறிக்கொள்ளலாம்." அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஹத்தா போகும் சாலையில் லஹ்பாப் பக்கம், மணல் செம்மண் நிறத்துக்கு மாறும் இடத்தில், எல்லா சஃபாரி வண்டிகளும் ஒரு இடத்தில் நிற்கும். மணலில் புதையாமல் இருக்க டயரில் பாதிக் காற்றை அங்கே இறக்குவார்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் முக்கால் மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். ஏனென்றால் அங்கேதான் குவாட் பைக் கடைகளும், கட்டம் போட்ட தலைத்துணி விற்கிறவர்களும், கையில் வல்லூறை வைத்துப் படம் எடுக்கக் காசு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பைக்கில் கால் மணி நேரத்துக்கு 150 திர்ஹம் கேட்டார்கள். டிக்கெட்டில் எல்லாம் அடக்கம் என்று சொல்லியிருந்தார்களே என்றால், அந்த "எல்லாம்" என்பதில் இது கிடையாதாம்.

இரண்டாவது வண்டி அங்கே இல்லை. ஓட்டுநர் பாகிஸ்தான்காரர், என் கணவரிடம் இந்தியில் பேசினார். தன் போனைத் திறந்து காட்டினார். ஆறு பேர், ஒரு வண்டி, சாதாரண டிக்கெட். முதியவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. சைவம் என்று கிடையாது. மான்கள் இருக்கும் பாதுகாப்புப் பகுதிக்குள் தங்கள் கம்பெனிக்கு அனுமதியே இல்லை என்றார். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி என்பது சுமார் 225 சதுர கிலோமீட்டர் வேலி போட்ட இடம். அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே சுற்றுலாப் பயணிகளை உள்ளே கூட்டிப்போக முடியும், அதற்கான கட்டணமும் வேறு. நூறு இருநூறு திர்ஹம் டிக்கெட்டில் யாராவது ஓரிக்ஸ் மான் காட்டுகிறேன் என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

மணல் சவாரியே வேண்டாம், எல்லோரையும் ரோட்டு வழியாக முகாமுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று கணவர் கேட்டார். ஓட்டுநர் முதலாளிக்கு போன் போட்டார். மற்ற வண்டிகளோடு வரிசையாகத்தான் போக வேண்டும், பெரியவர்கள் அங்கேயே இருக்கட்டும், பத்து நிமிடத்தில் வேறு வண்டி வரும் என்று பதில் வந்தது. பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கணவரோடு அனுப்பிவிட்டு நான் அப்பா அம்மாவுடன் இறங்கிக்கொண்டேன்.

குவாட் பைக் கொட்டகையின் ஓரத்தில் சாயக்கூட முடியாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில்தான் அப்பா உட்கார்ந்தார். பெட்ரோல் புகை நேராக முகத்தில் அடித்தது. சிறிது நேரம் உட்காருவார், வலி தாங்காமல் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், மறுபடி உட்காருவார். அம்மா தன் கைப்பையை மடித்து அவர் இடுப்புக்குப் பின்னால் அண்டைகொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். பாலைவனத்தில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்பா இங்கே வந்ததிலிருந்து கேட்ட ஒரே விஷயம். அந்த நேரத்தில் எங்களுக்கு எதிரே வரிசையாக பைக்குகளும் ஜெனரேட்டரும் கழிப்பறைக் கூண்டும்தான் இருந்தன. நான் ஏஜென்டுக்கு போன் மேல் போன் செய்துகொண்டிருந்தேன். முதல் இரண்டு முறை "வருகிறது அக்கா." பிறகு எடுக்கவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு முகாமுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் ஒரு பிக்கப் வண்டி வந்தது. அதுதான் எங்களுக்கான "தனி வண்டி". ரோடு என்று சொன்னதும் பொய். கடைசிப் பகுதி முழுவதும் மண் தடம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

முகாமில் தரையில் கம்பளம், குட்டை மேசை, திண்டு. நாற்காலி வேண்டுமானால் விஐபி, ஆளுக்கு இன்னும் 50 திர்ஹம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நூறு கொடுத்தேன், வேறு என்ன செய்வது? ஒட்டகச் சவாரி என்பது முற்றத்தில் ஒரு சுற்று. மருதாணிக்கு நீண்ட வரிசை. ஒரே முகாமில் பல கம்பெனிகளின் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதனால் எதற்கும் கூட்டம். சைவம் என்று ஒரு பருப்பும் ஒரு பொரியலும் இருந்தன. கோழித் துண்டுகளை எடுத்த அதே இடுக்கியை அதிலும் வைத்திருந்தார்கள். அம்மா குபூஸ் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார். தனூரா ஆடிய கலைஞரைக் குறை சொல்ல மாட்டேன். பாவாடை முழுக்க விளக்குகள் எரிய அவர் நிற்காமல் சுழன்றதைப் பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு நெருப்பு விளையாட்டு, அவ்வளவுதான், கிளம்புங்கள் என்றார்கள்.

இரவு வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அந்தக் குரல் பதிவு இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று இருந்தது. நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து அவருக்கு போன் செய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் அதைத்தான் செய்திருக்கிறார்.

மறுநாள் காலை அழைத்தேன். "அது சப்ளையர் செய்த தவறு அக்கா, நான் அவர்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்." சப்ளையர், அதாவது வண்டி அனுப்பிய கம்பெனியின் எண்ணைக் கேட்டேன், தரவில்லை. வண்டி ஓட்டுநரிடமிருந்து எண்ணை வாங்கிக் கணவர் பேசினார். அங்கே கிடைத்த பதிலைக் கேளுங்கள்: எங்கள் ஆறு பேருக்காக ஏஜென்ட் அவர்களுக்குக் கட்டியது ஆளுக்கு 70 திர்ஹம். மொத்தம் 420. நாங்கள் கொடுத்தது 1,350. மீதி 930 திர்ஹத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது வண்டியைப் பதிவே செய்யவில்லை. "எனக்கும் ஊரில் அப்பா இருக்கிறார்" என்று சொன்ன அதே வாய்!

இதைச் சொன்னதும் ஏஜென்டின் குரல் மாறியது. அக்கா போய் "மேடம்" ஆனேன். "மேடம், சஃபாரி போய் வந்துவிட்டீர்கள், சாப்பிட்டுவிட்டீர்கள், பணத்தை எப்படித் திருப்பித் தர முடியும்?" மேலாளரிடம் பேச வேண்டும் என்றேன். மேலாளர் என்று ஒருவர் பேசினார், படகு விருந்துக்கு அரை விலைக் கூப்பன் தருவதாகச் சொன்னார். எனக்குக் கூப்பன் வேண்டாம், 1,350 திர்ஹம் வேண்டும் என்றேன். பதினான்கு வேலை நாள்களில் பரிசீலிப்பார்களாம். எழுத்தில் கொடுங்கள் என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மாலையில் கணவர் நேரில் போனார். மேசையில் வேறொரு பையன். "அவர் லீவில் ஊருக்குப் போய்விட்டார், எனக்கு ஒன்றும் தெரியாது சார்." ஒரே நாளில் ஊருக்கு! இப்போது என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

துபாய் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ரசீதின் படத்தோடு புகார் பதிவு செய்திருக்கிறேன். சப்ளையர் தரப்பில் அந்த 420 திர்ஹம் கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள், அதையும் இணைத்திருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். அப்பா பக்கத்து அறையில் வெந்நீர் ஒத்தடத்துடன் படுத்திருக்கிறார், இப்போது எனக்கு அதற்கு மனம் ஓடவில்லை. இவ்வளவு மட்டும்:

பணம் வாங்குகிறவர் வேறு, கூட்டிப்போகிறவர் வேறு. வண்டி அனுப்பும் கம்பெனியின் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். தனி வண்டி, நாற்காலி, சைவம், எது பேசினாலும் அதே ரசீதில் வர வேண்டும். குரல் பதிவு அனுப்பினால் உடனே வேறு போனுக்கு அனுப்பி வையுங்கள். ரொக்கம் மட்டும்தான் என்றால் கொடுக்காதீர்கள். முதுகுவலி, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் மணல் சவாரி பக்கமே போகக் கூடாது, ஏஜென்ட் என்ன சத்தியம் செய்தாலும். வண்டி வாசலுக்கு வந்ததும் ஏறும் முன்பே ஓட்டுநரின் போனில் உங்கள் பதிவைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். பேசியபடி இல்லையென்றால் அங்கேயே ஏற மறுத்துவிடுங்கள்.

புகாருக்குப் பதில் வந்தால் எழுதுகிறேன். 1,350 திர்ஹத்தில் ஒரு திர்ஹம்கூட விடப் போவதில்லை.