வெளிக் கல்லூரிக்குப் போனால் வைஃபை: விருந்தினர் கணக்கா, எஜுரோமா?

கருத்தரங்கு, தேர்வுப் பணி, நூலக வேலை என்று வெளிக் கல்லூரிகளுக்கு அடிக்கடி போய்வருகிற ஆள் நான். சில ஆண்டுகளாக இரண்டு வகை இணைப்பையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எஜுரோம் என்பது சொந்தக் கல்லூரிக் கணக்கை வைத்தே வெளிக் கல்லூரி வைஃபையில் இணைய உதவும் ஏற்பாடு. அது இருக்கும் இடத்தில் விருந்தினர் கணக்கைத் தொடுவதே இல்லை.

விருந்தினர் கணக்கு என்றால் பெரும்பாலும் போன் எண், ஓடிபி. உள்ளூர் சிம் இருந்தால் சரி. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குப் பல இடங்களில் ஓடிபி வருவதே இல்லை. பாவம் பார்த்து யாராவது ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் எண்ணைக் கொடுப்பார். இணைப்பை யார் பயன்படுத்துகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஓடிபியே கேட்கிறார்கள். கடைசியில் எல்லாம் அந்த மாணவர் பேரில் பதிவாகும்! ஒரு பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கேட்டார்கள். கொடுத்தேன். கணக்கு மறுநாள் வந்தது, கூட்டம் முதல்நாளே முடிந்துவிட்டது.

எஜுரோம் 2002-இல் நெதர்லாந்தின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரங்காவின் யோசனையில் தொடங்கியது. இப்போது நூறு நாடுகளுக்கு மேல் இருக்கிறது. இந்தியாவில் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட் நடத்துகிறது. போன இடத்துக் கல்லூரி உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதில்லை. பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றி உங்கள் சொந்தக் கல்லூரியைக் கேட்கும். அது 'நம்ம ஆள்தான்' என்றால் இணைப்பு கிடைக்கும். மறையாக்கம் செய்து போவதால் ஒழுங்காக அமைத்த போனில் நடுவில் இருப்பவர்களுக்குப் பாஸ்வேர்ட் தெரியாது.

அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எதிரே இருப்பது உங்கள் கல்லூரி சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைப் போன் சரிபார்க்க வேண்டாம் என்று விட்டால், அதே பெயரில் போலி வைஃபை வைப்பவரிடம் உங்கள் நுழைவு விவரம் சிக்கலாம். ஆண்ட்ராய்டு 11-இல் கூகுள் அந்தத் தெரிவையே எடுக்கத் தொடங்கியபோது, போன் இணையவில்லை என்று பெரிய புலம்பல். எனக்கென்னவோ அது நல்ல காரியமாகத்தான் பட்டது. உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால் கெட்எஜுரோம் செயலி இந்த வேலையைத் தானே செய்துவிடும்.

கிளம்புவதற்கு முன், சொந்தக் கல்லூரியிலேயே மின்னஞ்சல் முகவரி மாதிரி முழுப் பயனர்பெயரோடு இணைத்துப் பாருங்கள். வெறும் பதிவெண் உள்ளே வேலை செய்யலாம். வெளியே போனால் யாரைக் கேட்பது என்று அங்குள்ள சர்வருக்குத் தெரியாது. போன இடத்தில் அமைக்கலாம் என்று விட்டால், செயலியை இறக்கவே இணையம் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. சொந்தக் கல்லூரி சர்வர் படுத்துவிட்டால் சுற்றி எல்லோருக்கும் இணையம் ஓடும், உங்களுக்கு மட்டும் ஓடாது. அங்குள்ள கணினி மையத்தாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆய்விதழ்கள் திறக்குமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

கல்லூரி இதில் சேரவில்லை என்றால்? நெதர்லாந்தில் கூட்டம் நடத்துபவர் ஒரு குறிச்சொல் தருவார். அதைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் தற்காலிக எஜுரோம் கணக்கு வந்துவிடும். இங்கே அழைப்பு வந்த அன்றே ஏற்பாட்டாளரிடம் விருந்தினர் கணக்கு கேட்டு வைப்பேன். கூடவே போனில் டேட்டாவும் போட்டுக்கொள்வேன்.