ஆர்க்கிட் பூந்தண்டில் பூவுக்குப் பதில் கன்று வந்தது: கிருஷ்ணகிரி வீட்டில் மூன்று வருட அனுபவம்

2021 நவம்பரில் ஓசூர் பக்கம் ஒரு நர்சரியில் பூத்த நிலையிலேயே ஃபெலனாப்சிஸ் என்ற வகை ஆர்க்கிட் ஒன்று வாங்கினேன், வெள்ளைப் பூ, நடுவில் ஊதா. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல்தான் அதற்கு இடம். இலையில் பெரிய தொந்தரவு இல்லை, வேர் ஒரு தடவை என் தப்பால் கெட்டது, மற்றபடி பூந்தண்டில்தான் வருடத்துக்கு ஒரு பிரச்சினை வந்தது. தண்டு இலை விட்டாலோ பாதியில் நின்றாலோ மொட்டு உதிர்ந்தாலோ உரக்கடைக்கு ஓடாதீர்கள், முதலில் அறையில் என்ன சூடு இருக்கிறது, பக்கத்தில் பழம் ஏதாவது பழுக்கிறதா என்று பாருங்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

2022 பிப்ரவரியில் பூ முடிந்ததும் தண்டை அடியிலிருந்து இரண்டாவது கணுவுக்கு மேலே வெட்டினேன். பக்கக் கிளை விட்டு மறுபடி பூக்கும் என்பது கணக்கு. மார்ச்சில் கணு புடைத்தது, பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது, நானும் மொட்டு என்று தினமும் காலையில் போய் நின்று பார்ப்பேன். அம்மா ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, "இது பூ இல்ல, கன்னு. வாழைக்குப் பக்கத்துல வருதே, அது மாதிரி" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைக் கெய்க்கி என்பார்கள், ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்.

ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்களாவது சூடு 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இரவில் இன்னும் குறைய வேண்டும். 28, 29-க்கு மேலேயே நின்றால், கணுவில் இருக்கும் குருத்து பூவாகாமல் கன்றாகிவிடலாம். எங்கள் கூடத்தில் மார்ச் மாதம் மத்தியானம் 32. அது தெரியாமல் பூக்க வைக்கும் உரம் என்று பாஸ்பரஸ் அதிகமுள்ள ஒன்றை வாரம் இரண்டு முறை ஊற்றினேன். நம் ஊர் போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு அதிகம், அதோடு இதுவும் சேர்ந்து, தொட்டியில் மண்ணுக்குப் பதில் இருக்கும் மரப்பட்டை மேல் வெள்ளையாகப் படிந்து, வேர் நுனிகள் கருகிவிட்டன. அப்புறம் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன், மழை பெய்தால் மழைத் தண்ணீர். உரம் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றித் தொட்டியை அலசிவிடுவேன். வேர் தேற ஏழு மாதம் பிடித்தது. கன்றை மூன்று இலையும் இரண்டு அங்குல வேரும் வரும்வரை தாயிலேயே விட்டுவிட்டுப் பிறகுதான் வெட்டினேன், இப்போது தனித் தொட்டியில் நன்றாக இருக்கிறது.

2023 ஜனவரிக் கடைசியில் இலை இடுக்கிலிருந்து புதுத் தண்டு. நுனி கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் கையுறை மாதிரி பக்கவாட்டில் மடிப்போடு இருந்ததால் தண்டு என்று தெரிந்தது, வேராக இருந்தால் நுனி உருண்டையாக மழமழவென்று இருக்கும். ஏப்ரல் கடைசியில் ஒன்பது மொட்டு. அதே வாரம் தோட்டத்திலிருந்து வந்த செந்தூரா மாங்காயை அதே கூடத்தில் வைக்கோல் போட்டுப் பழுக்க வைத்தோம். நான்கே நாளில் மொட்டெல்லாம் மஞ்சளாகி வரிசையாக உதிர்ந்தன. பழுக்கும் மாம்பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது, ஆர்க்கிட் மொட்டுக்கு அது ஆகவே ஆகாது. வெயிலும் வறண்ட காற்றும்கூட மொட்டை உதிர்க்கும்தான், ஆனால் இரண்டு மூன்று வாரமாக அந்த வெயிலில் தாக்குப்பிடித்த மொட்டுகள் மாம்பழம் வந்த நாலாம் நாள் விழுந்தால் நான் பழத்தைத்தான் சொல்வேன். மாம்பழ ஊரில் இருப்பவர்கள் ஏப்ரல் முதல் ஜூலை வரை தொட்டியை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது வருடம் நவம்பர் நடுவில் செடியை ஓசூரில் அக்கா வீட்டில் ஆறு வாரம் விட்டேன். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், நம் ஊரைவிட நன்றாகவே குளிரும். டிசம்பர் கடைசியில் தண்டு எட்டிப் பார்த்தது, ஒரு விரல் நீளம் வந்ததும் எடுத்து வந்தேன். இந்த முறை செய்த ஒரே தப்பு, எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும் என்று தொட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தது. தண்டு வெளிச்சத்தைத் தேடித் தேடிப் பாம்பு மாதிரி வளைந்துவிட்டது. தண்டு வந்ததும் தொட்டியில் ஜன்னல் பக்கம் ஒரு கோடு போட்டு வையுங்கள், தண்ணீர் ஊற்றி வைக்கும்போது கோடு அதே பக்கம் இருக்க வேண்டும். கணுவை மூடியிருக்கும் சின்னச் செதிலுக்குள் மாவுப்பூச்சியும் இருந்தது, பஞ்சில் சானிடைசர் தொட்டுத் துடைத்தேன், மூன்று வாரத்தில் போய்விட்டது. 2024 மார்ச் கடைசியில் ஏழு பூ, மே நடுவரைக்கும் நின்றது. பழம் அந்த வருடம் மாடி அறையில்.

அக்கா செடியில் இலைக் குருத்தின் நடுவிலிருந்தே தண்டு வந்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது, அந்தக் குருத்தில் இனிமேல் இலை வராது. பூவை வைத்துப் பார்த்துவிட்டு அடியில் கன்று விடுகிறதா என்று காத்திருக்க வேண்டியதுதான், அவரும் காத்திருக்கிறார்.