மோல்மீனிலிருந்து முடோன்: வண்டியும் என் மணிக்கட்டும், 26 மாத அனுபவம்

ரங்கூனில் பிறந்து வளர்ந்தவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்றால் சிரிக்காதீர்கள். நகருக்குள் அதற்குத் தடை வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கல்யாணமாகி மோல்மீனுக்கு வந்த பிறகுதான், 31 வயதில், முதன்முதலாக ஆக்சிலேட்டரைத் திருகினேன். முடோனில் ஒரு ரப்பர் மண்டியில் கணக்கு வேலை. போக 18 மைல், வர 18 மைல்.

ஹோண்டா வேவ், கென்போ என்று இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று நிற்குமே, அந்த வார்ப்பு வண்டிதான் என்னுடையதும். 110 சிசி, கையில் கிளட்ச் கிடையாது, காலால் கியர். என் மாமனார் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. நான் ஏறிய பிறகு 28,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

மூன்றாவது வாரமே வலி. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இரவில் மரத்துப்போகும். தூக்கத்தில் எழுந்து கையை உதறினால்தான் உயிர் வரும். இடது கையில் சுண்டுவிரல் பக்கம் எறும்பு ஊர்வது போல இருக்கும். இது எனக்குப் புதிர். கிளட்ச் இல்லாத வண்டியில் இடது கைக்கு ஹாரனும் இண்டிகேட்டரும் தவிர என்ன வேலை?

பதில் மாமனாரிடமிருந்து வந்தது. ஒரு நாள் கடைத்தெருவரை பின்னால் உட்கார்ந்து வந்தவர், இறங்கியதும் சொன்னார்: "ஏம்மா, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி. நீ கழுத்தைத் திருகுற மாதிரில்ல பிடிக்கிற." வேலை இல்லாத இடது கையும் பயத்தில் கைப்பிடியை நெரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதன் பிறகு ஒன்றைக் கவனித்தேன். எதிரே லாரி வந்தால் முதலில் பல்லைக் கடிக்கிறேன், உடனே கை இறுகுகிறது. இப்போதும் ஒவ்வொரு மைல்கல்லிலும் தாடையைத் தளர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பேன். ஜவுக்தலோன் குன்றும் அதன் எதிரே நம் கோவில் இருக்கும் சின்னக் குன்றும் வரும் இடத்தில், வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாதே, இடது கையை மட்டும் மடியில் போட்டு ஒரு நிமிடம் ஆற விடுவேன். சாலை காலியாக, நேராக இருந்தால் மட்டும்.

வலது கையின் கதை வேறு. அதற்குக் காரணம் பாதி நான், பாதி வண்டி.

என் பங்கு இது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதே மணிக்கட்டை நேராக வைத்துப் பிடிப்பேன். திருகினால் மணிக்கட்டு கீழே தொங்கி, புறங்கை மேல்நோக்கி மடங்கும். அந்த மடங்கிய நிலையில் நாற்பது நிமிடம். மணிக்கட்டில் நரம்பு போகும் சந்து அப்போதுதான் நெருக்கப்படுகிறது. மாற்றிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்: கிளம்பும்போது கையை முன்பக்கமாகச் சற்று உருட்டி, விரல் முட்டிகள் தாழ்ந்து இருக்கும்படி பிடிக்க வேண்டும். ஓடும் வேகத்துக்குத் திருகியதும் முழங்கையிலிருந்து விரல் முட்டிவரை ஒரே கோடாக வந்துவிடும். சப்பாத்திக் கட்டையை உருட்டுகிறவள் அதை இறுக்கிப் பிடிப்பாளா? அந்த அளவு பிடிதான்.

வண்டியின் பங்கைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. இங்கே ஜூனில் பிடித்த மழை லேசில் விடாது. ஒன்பது வருட மழை குடித்த ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்து, திருகுவதே மல்யுத்தமாக இருந்திருக்கிறது. பழகியவளாக இருந்தால் தெரிந்திருக்கும். நான் எல்லா வண்டியும் இப்படித்தான் என்று நினைத்தேன். மெக்கானிக் சயா (இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்) கேபிளை மாற்றி, கைப்பிடிக் குழாயைத் துடைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் விட்டு வைத்தார். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது வேறு யாருடைய வண்டியையோ ஓட்டுவது போல இருந்தது. கையைவிட்டால் ஆக்சிலேட்டர் தானாகப் பட்டென்று மூட வேண்டும். சோம்பி மூடினால் கேபிளைப் பாருங்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கையுறையெல்லாம் அப்புறம்.

வாங்கிய பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் பஞ்சு உறை. மெத்தென்று இருக்கும் என்று போட்டேன். கைப்பிடி தடித்துவிட்டது, என் கை சின்னது, முன்னைவிட இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மழையில் அது தண்ணீர் குடித்து, பிழிந்தால் அரை டம்ளர் வரும். பத்து நாளில் கழற்றினேன். அடுத்து, ஆக்சிலேட்டரில் மாட்டி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போகும் பிளாஸ்டிக் பட்டை. நீண்ட சாலையில் உண்மையிலேயே சுகம், விரலுக்கு வேலையே இல்லை. ஆனால் சந்தைக்குள் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பியபோது உள்ளங்கை அதன்மேல் பட்டு, வண்டி துள்ளிப் போய் ஒரு மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடையின் முக்காலியில் நின்றது. நல்லவேளை, முக்காலியில் ஆள் இல்லை. புதியவர்கள் அந்தப் பட்டையைத் தொடவே வேண்டாம். ஹேண்டில் முனையில் மாட்டும் இரும்புக் குண்டு அதிர்வைக் கொஞ்சம் குறைத்தது. கையுறையில், உள்ளங்கையில் தையல் இல்லாத மெல்லிய ஜோடிதான் நிலைத்தது. தடித்த ஜெல் வைத்தது மழைக்காலத்தில் காயவே இல்லை.

இன்னொன்று. தொட்டியை முழங்காலால் கவ்வி உட்காருங்கள், கையில் பாரம் விழாது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வகை வண்டியில் கால்களுக்கு நடுவே தொட்டி ஏது? அதனால்தான் தமெய்ன் (பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கைலி) கட்டிய பெண்களும் இதில் ஏற முடிகிறது. பிரேக் பிடித்தால் உடம்பு முன்னே சரிந்து முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். நான் செய்வது, சீட்டின் முன்மூக்கைத் தொடையால் கவ்வி, பாதத்தை அழுத்தி, பின்பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது. முழங்கை எப்போதும் சற்று மடங்கியே இருக்க வேண்டும். முதுகில் மாட்டிய பை இப்போது பின் கேரியரில். காற்றையும் பாருங்கள். பங்க்சர் ஆகாது என்று ஒரு கடையில் முன்சக்கரத்துக்கு 40 அடித்துவிட்டார்கள். என் வண்டிக்கு 29தான். ஒரு வாரம் ஒவ்வொரு குழியும் தோள்வரை எண்ணிச் சொன்னது.

இத்தனைக்கும் இரவு மரப்பு முழுதாகப் போகவில்லை. டாக்டரிடம் போனேன். இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்க, ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். முப்பது எண்ணுவதற்குள் விரல் சுருசுருத்தது. மணிக்கட்டு மடங்காமல் இருக்கும் பட்டையை இரவில் கட்டித் தூங்கச் சொன்னார். ஆறு வாரத்தில் நல்ல தெளிவு. மண்டியில் நாள் முழுக்க பேனா பிடிப்பதும் ஒரு காரணம் என்றார், அதை நான் யோசித்ததே இல்லை. இரவில் எழுப்பும் மரப்பு, கையிலிருந்து பாத்திரம் நழுவுவது, கட்டைவிரல் அடிச்சதை மெலிவது, இதெல்லாம் இருந்தால் என்னைப் போல ஏழெட்டு மாதம் காத்திருக்காதீர்கள்.

இப்போது டிசம்பர் குளிரில், விடிகாலையில் மட்டும் இடது சுண்டுவிரல் முணுமுணுக்கிறது. போன வாரம் ஆயில் மாற்றப் போனபோது சயா கைப்பிடி ரப்பரைத் தடவிப் பார்த்தார். முதல் ஜோடி எட்டே மாதத்தில் என் விரல் பதிந்த இடமெல்லாம் வழுக்கையாகிவிட்டது, அதை மாற்றியவர் அவர்தான். இது பதினெட்டு மாதம் ஓடியும் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

"அமா (அக்கா), வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.